குடிக்கிற தண்ணீர்தான்... ஆனாலும் மீன் ஏன் சாகிறது? - வண்ணமீன் வளர்ப்போருக்கு ஒரு குழாய்த் தண்ணீர் பாடம்

மீன்தொட்டி வாங்கிய பல வீடுகளில் நடக்கிற கதை இது. சனிக்கிழமை சாயங்காலம் தொட்டி, ஏர் மோட்டார், கலர் கூழாங்கல், ஆறு ஜோடி மீன்கள் என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்கி வருவார்கள். அன்றே குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பி, மீன்களையும் விட்டுவிடுவார்கள். அன்று இரவு டி.வி-யை யாரும் பார்க்க மாட்டார்கள். வீடே தொட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். புதன்கிழமை ஒரு மீன் மிதக்கும். வெள்ளிக்கிழமை மூன்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் தொட்டி காலி.

பிள்ளைகள் அழுவார்கள். "கடைக்காரர் சீக்கு மீனைத் தலையில கட்டிட்டார்" என்பார் அப்பா. "நம்ம வீட்டு ராசிக்கு மீன் தங்காது" என்பார் பாட்டி. தொட்டி மாடிப்படிக்குக் கீழே போய்விடும்.

பெரும்பாலான வீடுகளில் கடைக்காரரும் காரணமில்லை, ராசியும் காரணமில்லை. தண்ணீர்தான் காரணம். அது அழுக்குத் தண்ணீர்கூட இல்லை. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிற, நாமே குடிக்கிற தண்ணீர். நமக்கு நல்லதாக இருக்கும் தண்ணீர் மீனுக்கு எப்படி ஆகாமல் போகிறது? இதைப் புரிந்துகொள்ள பள்ளிக்கூட வேதியியலில் பாதி போதும்.

குளோரின்: நம் காவலன், மீனின் எதிரி

குழாயில் வரும் குடிநீரில் கிருமிகளைக் கொல்ல குளோரின் கலக்கிறார்கள். தண்ணீர் நம் வீட்டுக் குழாயை வந்தடையும்போதும் அதில் கொஞ்சம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது. வழியில் குழாய் உடைந்து கிருமி கலந்தாலும் அதைக் கொல்வதற்கான முன்னெச்சரிக்கை அது.

இப்போது இன்னொரு எண்ணைப் பாருங்கள். நன்னீரில் வாழும் உயிர்கள் குறுகிய நேரத்துக்குத் தாங்கக்கூடிய குளோரின் அளவாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் வரம்பு, லிட்டருக்கு 0.019 மில்லிகிராம். அதாவது, நம் குழாயில் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய அளவில் பத்தில் ஒரு பங்குதான் மீனுக்கான வரம்பு.

நாம் குடிக்கும் தண்ணீர் வயிற்றுக்குப் போகிறது. அங்கே அந்தச் சிறிதளவு குளோரின் செயலிழந்துவிடும். மீனுக்கு அப்படியில்லை. அது தண்ணீரைச் செவுள் வழியாகச் சுவாசிக்கிறது. செவுளின் தோல் மிக மெல்லியது. அதற்கு அடுத்தே ரத்தம் ஓடுகிறது. குளோரின் அந்தத் தோலை அரித்துவிடும். மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து, "பசிக்குது போல" என்று நாம் இன்னும் கொஞ்சம் தீனி போடுவோம். அது பசியில்லை, மூச்சுத்திணறல்.

இதற்குத் தீர்வு சுலபம். தண்ணீரை வாய் அகன்ற வாளியிலோ டப்பிலோ பிடித்து மூடாமல் 24 மணி நேரம் வைத்தால், குளோரின் பெரும்பாலும் காற்றில் போய்விடும். ஏர் மோட்டாரின் குழாயை வாளிக்குள் போட்டு ஓடவிட்டால் இன்னும் சீக்கிரம் போகும். அவசரம் என்றால், மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் சொட்டுமருந்தைப் பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி விடலாம். அதில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட். பழைய ஸ்டுடியோக்காரர்கள் போட்டோ கழுவப் பயன்படுத்திய 'ஹைப்போ'தான் அது.

கல் உப்பு போட்டாலோ, நீல மருந்து ஊற்றினாலோ குளோரின் போகாது. இரண்டுக்கும் வேறு பயன்கள் உண்டு. குளோரினுக்கு அவை மருந்து இல்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சம்ப்பையும் மொட்டைமாடித் தொட்டியையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும் நாளில் குழாயில் குளோரின் வழக்கத்தைவிடப் பல மடங்கு இருக்கலாம். சம்ப் கழுவிய அன்றும் மறுநாளும் மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றாமல் இருப்பது நல்லது. லாரித் தண்ணீர் வாங்குபவர்களும் குளோரின் வாசனை தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூர், அமெரிக்கா போன்ற இடங்களில் இருக்கும் நம் உறவுகளுக்கு ஒரு கூடுதல் தகவல். அங்கே பல ஊர்களில் குளோரினுக்குப் பதில் குளோரமின் கலக்கிறார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ 2004-ல் அதற்கு மாறியது. குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின், வாளியில் ஒரு நாள் வைத்தால் போய்விடாது. சாதாரண தயோசல்பேட் போட்டால் குளோரின் பகுதி மட்டும் நீங்கி, அம்மோனியா தண்ணீரிலேயே தங்கிவிடும். குளோரமினுக்கும் சேர்த்து வேலை செய்யும் என்று எழுதியிருக்கிற மருந்தையே அங்கே வாங்க வேண்டும்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

"குழாய்த் தண்ணீர்" என்று ஒரே பெயரில் சொன்னாலும், எல்லாக் குழாயிலும் ஒரே தண்ணீர் வருவதில்லை. சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர், ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா நீர், வீராணம் நீர் என்று பல வழிகளில் தண்ணீர் வருகிறது. இவை போக, மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரை உப்பு நீக்கிக் குடிநீராக்குகிறார்கள். மீஞ்சூர் நிலையம் 2010-லும் நெம்மேலி முதல் நிலையம் 2013-லும் செயல்பாட்டுக்கு வந்தன. இரண்டும் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் திறன் கொண்டவை. நெம்மேலியில் 15 கோடி லிட்டர் திறனுள்ள அடுத்த நிலையம் 2024-ல் திறக்கப்பட்டது. எந்தப் பகுதிக்கு எந்த நேரத்தில் எது வருகிறது என்பதைப் பொறுத்து, ஒரே குழாயில் வரும் தண்ணீரின் தன்மையும் மாறலாம்.

இது போதாதென்று பாதி வீடுகளில் போர் தண்ணீரும் கலக்கிறது. கோடையில் லாரி வரும். சமையலறையில் ஆர்.ஓ. மெஷின் இருக்கும். கேன் தண்ணீர் இருக்கும். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் ஒரு குழாயிலும் உப்புத் தண்ணீர் இன்னொரு குழாயிலும் வரும் வீடுகள் உண்டு. மீன் கடைக்காரர் "தண்ணியை மாத்துங்க" என்று சொல்லி அனுப்பினால், இதில் எந்தத் தண்ணீரை?

இதற்குப் பதில் தெரிய கடினத்தன்மை என்ற சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவுதான் கடினத்தன்மை. மீன் வளர்ப்பவர்கள் இதை ஜி.எச். என்பார்கள். கருவி எதுவும் இல்லாமலே நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாக இதைக் கண்டுபிடித்து வந்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் படலம் படியும். குழாயின் வாயில் பொருக்குத் தட்டும். இவை இருந்தால் உங்கள் தண்ணீர் கடின நீர்.

குடிநீருக்கான கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது ஐ.எஸ். 10500. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்றுக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. இந்த இடைவெளி மீனுக்கு மிகப் பெரியது. 100 உள்ள தண்ணீரும் 500 உள்ள தண்ணீரும் மீனைப் பொறுத்தவரை இரண்டு வேறு தேசங்கள்.

ஆர்.ஓ. மெஷின்காரர் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் கடினத்தன்மையை மட்டும் தனியாகக் காட்டாது. தண்ணீரில் கரைந்த எல்லா உப்புகளையும் சேர்த்து ஒரே எண்ணாக மதிப்பிட்டுச் சொல்லும். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரில் சமையல் உப்பின் பங்கு அதிகமாக இருக்கலாம்; உள்பகுதியில் சுண்ணாம்பின் பங்கு அதிகமாக இருக்கலாம். மீட்டரில் இரண்டும் 900 என்று காட்டும். மீனுக்கு இரண்டும் ஒன்றல்ல.

பி.எச். எண்ணைவிட முக்கியமான கே.எச்.

தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்வது பி.எச். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இந்த எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. 7-லிருந்து 8-க்குப் போனால் ஒரு படி ஏறியதாகத் தெரியும். உண்மையில் அது பத்து மடங்கு மாற்றம். 7-லிருந்து 9 என்றால் நூறு மடங்கு. அதனால்தான் ஒரு தண்ணீரிலிருந்து இன்னொரு தண்ணீருக்கு மீனைத் திடீரென மாற்றினால் அது அதிர்ந்துபோகிறது.

அந்த பி.எச்-ஐ நிலையாகப் பிடித்து வைத்திருப்பது கே.எச். எனப்படும் கார்பனேட் அளவு. தண்ணீரில் உள்ள பைகார்பனேட்தான் இதன் உயிர். மீன் கழிவிலிருந்து அமிலம் உருவாகும்போதெல்லாம் பைகார்பனேட் அதைச் சமன் செய்துவிடும். கே.எச். நிறைய இருந்தால் பி.எச். அசையாது. குறைந்துவிட்டால் பி.எச். ஒரே இரவில் சரியலாம்.

பி.எச். குறைக்க வேண்டும் என்று போர் தண்ணீரில் அமிலமோ கடையில் விற்கும் மருந்தோ ஊற்றுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஊற்றியதும் எண் இறங்கும். பைகார்பனேட் அதைச் சமன் செய்ததும், ஒன்றிரண்டு நாளில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். மறுபடி ஊற்றுவார்கள். இந்த ஏற்ற இறக்கத்தில் மீன் படும் பாடு, அந்த பி.எச். 8-லேயே இருந்திருந்தால் பட்டிருக்காது. ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் போடும் காய்ந்த பாதாம் இலை மென்னீரில் பி.எச்-ஐக் கொஞ்சம் குறைக்கும். கடினமான போர் தண்ணீரில் அதனால் நிறம்தான் மாறும். எண் பெரிதாக மாறாது.

போர் தண்ணீரைச் சோதிப்பவர்கள் பிடித்த கையோடு சோதிக்கக் கூடாது. நிலத்தடியில் இருக்கும்போது அதில் கரியமில வாயு அதிகமாகக் கரைந்திருக்கும். ஆக்சிஜன் குறைவாக இருக்கும். வெளியே வந்து வாயு வெளியேறியதும் பி.எச். ஏறும். ஒரு நாள் வைத்திருந்து சோதித்தால்தான் உண்மையான எண் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா

குளோரினை நீக்கியாயிற்று. அப்படியும் புதுத் தொட்டியில் நான்காவது ஐந்தாவது நாளில் மீன் சாவது ஏன்?

மீன் தன் கழிவை முக்கியமாகச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. மிச்சம் கிடந்து அழுகும் தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். ஆற்றில் அது கரைந்து ஓடிவிடும். 50 லிட்டர் தொட்டியில் ஓட இடமில்லை. இயற்கை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் கொடிய விஷங்கள். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. தண்ணீர் மாற்றி அதைக் குறைத்துக்கொள்ளலாம்.

இந்த பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் கிடையாது. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் அவை ஒட்டி வளர்ந்து போதிய அளவுக்குப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகலாம். முதல் நாளே பன்னிரண்டு மீனை விட்டால், வேலைக்காரர்கள் வருவதற்கு முன்பே குப்பை குவிந்துவிடும். தண்ணீர் மட்டும் ஊற்றி ஒரு வாரம் மோட்டாரை ஓட்டினாலும் போதாது. பாக்டீரியாவுக்கு உணவே அம்மோனியாதான். அது வேண்டும் என்றால், மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகைத் தீனி போட்டு அழுகவிட வேண்டும். அல்லது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஸ்பாஞ்ச் ஒன்றை வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து போடலாம். பால் தயிராக உறை மோர் வேண்டும் இல்லையா, அதுபோல!

பி.எச்-க்கும் இந்த அம்மோனியாவுக்கும் உள்ள உறவுதான் பலருக்குத் தெரியாத விஷயம். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அம்மோனியா, கொடிய விஷம். மற்றது அம்மோனியம், அதைவிடப் பல மடங்கு சாது. எது எவ்வளவு என்பதை முக்கியமாக பி.எச்-ம், ஓரளவு வெப்பமும் தீர்மானிக்கின்றன. நம் ஊர்த் தொட்டிகளில் சகஜமான 28 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 என்றால் விஷ வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. பி.எச். 8 என்றால் அது 6 பங்கைத் தாண்டும். பி.எச். 9 என்றால் கிட்டத்தட்ட 40 பங்கு. அதே மீன், அதே தீனி, அதே அளவு கழிவு. போர் தண்ணீர்த் தொட்டியில் ஆபத்து ஒன்பது, பத்து மடங்கு அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை மரணங்கள்

இனி அடுத்த புதிருக்கு வரலாம். "ஆறு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. போன ஞாயித்துக்கிழமை தொட்டியைச் சுத்தமா கழுவினேன். மறுநாள் காலையில எல்லாம் மிதக்குது!" மீன் கடைகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. சுத்தம் செய்ததற்குத் தண்டனையா?

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று பாருங்கள். மீன்களைக் குண்டானில் எடுத்துவிட்டு, தண்ணீரை முழுவதும் கொட்டி, கூழாங்கல்லை அலசி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்க்கு அடியில் பிழிந்து கழுவியிருப்பார்கள். கல்லில் ஒட்டியிருந்த பாக்டீரியா கழுவலில் போனது. ஸ்பாஞ்சில் இருந்தவற்றில் பெரும்பகுதி குளோரின் தண்ணீரில் செத்தது. தொட்டி மறுபடி முதல் நாள் நிலைக்குப் போய்விட்டது. ஆனால், மீன்கள் இப்போது ஆறு மாதம் வளர்ந்த பெரிய மீன்கள்.

கழுவாமல் தண்ணீரை மட்டும் மாற்றியவர்களுக்கும் இது நடப்பதுண்டு. பல மாதம் தண்ணீர் மாற்றாத தொட்டியில், பாக்டீரியாக்கள் வேலை செய்யச் செய்ய கே.எச். கரைந்துகொண்டே வரும். பி.எச். மெதுவாக 6-க்குக் கீழே இறங்கும். அந்த நிலையில் பாக்டீரியாக்கள் கிட்டத்தட்ட வேலைநிறுத்தம் செய்துவிடும். அம்மோனியா சேரும். பி.எச். குறைவாக இருப்பதால் அது சாதுவான வடிவத்திலேயே இருக்கும். மீனும் எப்படியோ தாக்குப்பிடிக்கும். திடீரென ஒரு நாள் பாதித் தொட்டிக்கு மேல் பி.எச். 8 உள்ள புதுத் தண்ணீரை ஊற்றினால், மிச்சமிருக்கும் பழைய தண்ணீரில் சேர்ந்திருந்த அம்மோனியா நிமிடங்களில் விஷ வடிவத்துக்கு மாறிவிடும். நல்ல தண்ணீர்தான் ஊற்றினோம்; மீன் செத்தது. காரணம் புரியாமல் தவிப்பார்கள்.

இப்படிப் பல மாதம் கவனிக்காத தொட்டி உங்கள் வீட்டில் இருந்தால், ஒரே நாளில் சுத்தம் செய்யாதீர்கள். நாளைக்குப் பத்தில் ஒரு பங்கு என்று மெதுவாக மாற்றி, ஒன்றிரண்டு வாரத்தில் சரிசெய்யுங்கள். அந்த நாள்களில் தீனியையும் குறைத்துவிடுங்கள்.

மீனுக்கு ஏற்ற தண்ணீரா, தண்ணீருக்கு ஏற்ற மீனா?

நிறத்தைப் பார்த்து மீன் வாங்கிவிட்டு, பிறகு அதற்கேற்பத் தண்ணீரை மாற்றப் போராடுவதுதான் பெரும்பாலானோரின் வழக்கம். அதைத் தலைகீழாகச் செய்தால் பாதித் தொல்லை தீரும். வீட்டில் என்ன தண்ணீர் வருகிறதோ அதில் சந்தோஷமாக வாழும் மீனை வாங்குவதே புத்திசாலித்தனம்.

போர் தண்ணீர், கடினத்தன்மை அதிகம், பி.எச். 7.5-க்கு மேல் என்றால் கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்டு டெய்ல் ஆகியவை நல்ல தேர்வு. சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர் இவற்றுக்குப் பிடிக்கும். குறிப்பாக மோலி, மென்னீரில்தான் நலிந்துபோகும். ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிகா ஏரிகளைச் சேர்ந்த சிக்லிட் மீன்களின் சொந்த ஊர்த் தண்ணீரே கடினமும் காரமும் கொண்டது. தங்கமீனும் கடின நீரைத் தாங்கும். ஆனால், அது கழிவை அதிகமாக வெளியேற்றும் மீன். இரண்டடித் தொட்டியில் ஆறு தங்கமீன் என்பது சிங்கிள் பெட்ரூம் வீட்டில் இருபது பேர் குடியிருப்பதுபோல.

சிறுவாணி மாதிரி மென்மையான தண்ணீர் வரும் ஊரில் இருப்பவர்கள், அமேசான் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட நியான் டெட்ரா, ஏஞ்சல் போன்றவற்றை நம்பி வாங்கலாம். டிஸ்கஸ் மீனும் அந்தப் பகுதியைச் சேர்ந்ததுதான். விலையும் அதிகம், கவனிப்பும் அதிகம் வேண்டும். முதல் தொட்டிக்கு அது வேண்டாம்.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் பண்ணையில் பிறந்து வளரும் பல மீன்கள், காட்டில் பிடிபட்டவற்றைவிட நம் தண்ணீருக்குப் பழகியவை. பி.எச். 6.5-தான் வேண்டும் என்று புத்தகம் சொல்லும் மீன், 7.6-ல் நிலையாக இருக்கும் தொட்டியில் நன்றாகவே வாழக்கூடும். எண் கச்சிதமாக இருப்பதைவிட ஆடாமல் இருப்பது முக்கியம்.

ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா?

"சுத்தமான தண்ணீர்தானே" என்று முழுத் தொட்டியையும் ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புகிறவர்கள் உண்டு. ஆர்.ஓ. மெஷின் உப்புகளை மட்டுமல்ல, கே.எச்-ஐயும் சேர்த்து வடிகட்டிவிடும். பிடித்து வைக்க ஆள் இல்லாததால் பி.எச். எப்போது வேண்டுமானாலும் சரியலாம். மீனின் உடலுக்கும் கொஞ்சம் கால்சியம், மெக்னீசியம் தேவை. தனி ஆர்.ஓ. தண்ணீரும் சரியில்லை, அளவு மீறிய போர் தண்ணீரும் சரியில்லை. கலந்து ஊற்றலாம்.

கணக்கு எளிது. போர் தண்ணீரின் கடினத்தன்மை 400, ஆர்.ஓ. தண்ணீரில் 20 என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்தால் 210. ஒரு பங்கு போர், மூன்று பங்கு ஆர்.ஓ. என்றால் 115. எந்த விகிதத்தைத் தேர்ந்தெடுத்தாலும் ஒவ்வொரு வாரமும் அதே விகிதத்தில் கலக்க வேண்டும். இந்த வாரம் பாதி, அடுத்த வாரம் கால் என்றால் பயனில்லை.

வாரம் ஒரு குடம் போதும்

தொட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும். இரண்டடித் தொட்டி 60 × 30 × 30 என்றால் 54 லிட்டர். அதில் கால் பங்கு 13 லிட்டர் சொச்சம். ஏறக்குறைய ஒரு குடம். வாரம் ஒருமுறை அந்த ஒரு குடத்தை மாற்றினால், ஞாயிற்றுக்கிழமைப் பெருங்கழுவலே தேவைப்படாது.

* முதல் நாளே தண்ணீரைப் பிடித்து, மூடாமல் வைத்துவிடுங்கள்.
* தொட்டியின் அடியில் தேங்கும் கழிவோடு சேர்த்து, ஒரு ரப்பர் குழாயால் கால் பங்குத் தண்ணீரை உறிஞ்சி எடுங்கள்.
* ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை, எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். சோப்பு வேண்டவே வேண்டாம்.
* புதுத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள்.
* கோடையில் மொட்டைமாடித் தொட்டியின் மதிய வெந்நீரை ஊற்றாதீர்கள். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் கரையும். 35 டிகிரியில் 7-ஐத் தொடாது. ஏப்ரல், மே மாதங்களில் ஏர் மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டுங்கள்.
* தீனியை இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கே போடுங்கள். மிஞ்சியது எல்லாம் அம்மோனியா.

எடுத்த பழைய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். நைட்ரேட் செடிகளுக்கு உரம். மாடித்தோட்டத்துக் கத்தரியும் ரோஜாவும் அதைக் குடித்துச் செழிக்கும். தொட்டியில் உப்போ மருந்தோ போட்டிருந்த வாரம் மட்டும் வேண்டாம்.

எதைச் சோதிப்பது?

மீன் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் சொட்டு மருந்துக் கிட்டுகள், காகிதப் பட்டைகளைவிடத் துல்லியமானவை. எல்லாவற்றையும் வாங்க முடியாவிட்டால் அம்மோனியா, பி.எச். இரண்டை மட்டும் வாங்குங்கள். புதுத் தொட்டி என்றால் நைட்ரைட்டும் சேர்த்து மூன்று. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் என்று காட்டினால்தான் தொட்டி தயார். தயாரான பிறகும் ஒரே நாளில் எல்லா மீன்களையும் விடாமல், முதலில் இரண்டு மூன்று, இரண்டு வாரம் கழித்து இன்னும் சில என்று சேர்க்க வேண்டும்.

நைட்ரைட் ஏறியிருப்பது தெரிந்தால் உடனே கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். அங்கே கல் உப்புக்கும் ஒரு வேலை உண்டு. உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்துக்குள் போவதைத் தடுக்கும். பழைய மீன்காரர்கள் உப்பு போடச் சொன்னதில் இப்படி ஓர் அர்த்தம் இருக்கிறது. எதற்கு, எப்போது, எவ்வளவு என்பது தெரிந்து போட வேண்டும்.

கடையிலிருந்து வரும் மீனை அப்படியே கவிழ்த்துவிடாதீர்கள். கட்டிய கவரைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டால் வெப்பம் சமமாகும். பிறகு கவரைத் திறந்து, தொட்டித் தண்ணீரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் வீதம் அரை மணி நேரம் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கவரில் இருக்கும் தண்ணீரில் வழியெல்லாம் வெளியேற்றிய அம்மோனியா இருக்கும். அது தொட்டிக்குள் போக வேண்டாம்.

அடுத்த முறை மீன் வாங்கக் கிளம்பும்போது, முதல் நாள் பிடித்து வைத்த வீட்டுத் தண்ணீரை ஒரு சின்ன பாட்டிலில் எடுத்துச் செல்லுங்கள். விவரம் தெரிந்த கடைக்காரர் என்றால் இரண்டு சொட்டு மருந்து விட்டு, பி.எச். என்ன, கடினத்தன்மை என்ன என்று அங்கேயே சொல்லிவிடுவார். "இந்தத் தண்ணியில எந்த மீன் நல்லா இருக்கும்?" என்று கேளுங்கள். கூட வந்த பிள்ளை நியான் டெட்ராவைக் கை காட்டும். உங்கள் தண்ணீர் கப்பிக்குத்தான் சரி என்று தெரியவரும். பிள்ளையைச் சமாதானப்படுத்தி கப்பியையே வாங்கி வாருங்கள். ஒத்துப்போகும் தண்ணீரில் கப்பி மாதத்துக்கு ஒருமுறை குட்டி போடும். அவற்றை எண்ணிப் பார்க்கிற வேலையில் பிள்ளைக்கு நியான் டெட்ரா மறந்தே போய்விடும்.